மூணு செகண்டா, முப்பது வருஷமா? திருநள்ளாற்றில் ஒரு சனிக்கிழமை

பேரளம் தாண்டி திருநள்ளாறு ரோட்டில் வண்டி ஏறியதுமே, பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த தம்பி மகள் செல்போனை நீட்டினாள். "அத்தை, இது நிஜமா?"

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அன்று காலை யாரோ அனுப்பியது. உங்களுக்கும் கட்டாயம் வந்திருக்கும். அமெரிக்க செயற்கைக்கோள் ஒன்று திருநள்ளாறு கோயிலுக்கு நேர் மேலே வரும்போது மட்டும் மூன்று விநாடி அப்படியே நின்றுவிடுகிறதாம். சனி கிரகத்திலிருந்து வரும் கருநீலக் கதிர்கள் அந்தக் கோயில் மேல் விழுவதுதான் காரணமாம். விஞ்ஞானிகள் நேரில் வந்து பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். கடைசியில் வழக்கம்போல, பத்து பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு வரி.

"நிஜம்தான்டி. எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்காங்க" என்றார் முன் சீட்டிலிருந்து அம்மா. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி வாயைத் திறக்கவில்லை. அவன் சரியாகப் பேசியே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

போன புரட்டாசியில் மாயவரத்திலிருந்து நாங்கள் கிளம்பியது அவனுக்காகத்தான். செல்போனில் பணம் வைத்துச் சீட்டாடும் ஆப் ஒன்றில் ஆறு வருஷச் சேமிப்பை விட்டிருந்தான். அதை மீட்கிறேன் என்று வீட்டுக்குத் தெரியாமல் கடன் வாங்கி, அதையும் விட்டான். விஷயம் வெளியே வந்த அன்று நாத்தனார் சண்டை எதுவும் நடக்கவில்லை. அவன் மனைவி பேசாமல் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் அம்மா மட்டும் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "கும்ப ராசி. ஜென்மச் சனி. அவன் என்ன பண்ணுவான், பாவம்" என்றார். புரட்டாசி சனிக்கிழமைக்குத் திருநள்ளாறு என்று முடிவானது.

சரி, அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மூன்று விநாடி நிற்குமா?

சர்வதேச விண்வெளி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலான வேகத்தில் பறக்கிறது. (ஏழரை! அம்மா கேட்டால் சந்தோஷப்படுவார்.) ஒன்றரை மணி நேரத்தில் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். மூன்று விநாடியில் அது கடக்கும் தூரம் சுமார் 23 கிலோமீட்டர். நாம் 'திரு' என்று ஆரம்பித்து 'நள்ளாறு' என்று முடித்து ஒரு மூச்சு விடுவதற்குள் அது நாகப்பட்டினத்தைத் தாண்டியிருக்கும். அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. வேகம் நின்றால், கையிலிருந்து நழுவிய கல் மாதிரி விழ வேண்டியதுதான். மூன்று விநாடி நின்று ஓய்வெடுத்துவிட்டு மறுபடி கிளம்ப, அது டவுன் பஸ் இல்லை.

வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்களும் உண்டு. நம் வீட்டு மாடி டிஷ்கள் பார்த்துக்கொண்டிருப்பது அவற்றைத்தான். தெருவில் ஒரே கம்பெனியின் டிஷ் எல்லாம் ஒரே பக்கம் அண்ணாந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே கணக்கில் சுற்றுவதால் நிற்பதுபோல் தோன்றுகின்றன. ஆனால் அப்படி நிற்க பூமத்திய ரேகைக்கு நேர் மேலேதான் முடியும். திருநள்ளாறு அந்த ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட 11 டிகிரியில் இருக்கிறது. ஆக, ஓடுகிற செயற்கைக்கோள் இங்கே நிற்காது. நிற்கிற செயற்கைக்கோள் இங்கே வராது.

நான் சொல்லி முடித்ததும், "அப்போ சனி பொய்யா?" என்றார் அம்மா, கொஞ்சம் கோபமாக.

இல்லை. சனியைப் பற்றி நம் ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் உண்மை, இந்த மூன்று விநாடிக் கதையைவிட எவ்வளவோ பெரியது. அது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

மெதுவாகப் போகிறவன்

சனீஸ்வரன் என்பதை சனி, ஈஸ்வரன் என்று பிரித்து, ஈஸ்வரப் பட்டம் பெற்றவர் என்று சொல்வது வழக்கம். மூலச் சொல் 'சனைச்சரன்'. சமஸ்கிருதத்தில் 'மெல்ல மெல்ல நடப்பவன்' என்று பொருள். மந்தன் என்றும் ஒரு பெயர் உண்டு. சூரியனுக்கும் சாயாதேவிக்கும் பிறந்தவர், எமன் அடித்ததில் கால் ஊனமானவர், அதனால்தான் நடை மெது என்று கதை சொல்லும். கதையைச் சொன்னவர்கள் முதலில் வானத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஐந்து கிரகங்களில் மிக மெதுவாக நகர்வது சனிதான். சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்குச் சுமார் 29½ வருஷம் ஆகிறது.

அந்த 29½-ஐப் பன்னிரண்டு ராசிகளால் வகுத்துப் பாருங்கள். ஒரு ராசிக்கு ஏறத்தாழ இரண்டரை வருஷம். நம் ராசிக்கு முந்தைய ராசி, நம் ராசி, அடுத்த ராசி, மூன்றும் சேர்த்தால் ஏழரை. 'ஏழரை நாட்டுச் சனி' என்பது பயமுறுத்த யாரோ கிளப்பிவிட்ட எண் இல்லை. சுத்தமான வகுத்தல் கணக்கு. முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் கெட்டவனும் இல்லை என்று பாட்டிகள் சொல்லும் பழமொழியில் இருப்பதும் இந்த ஒரு சுற்றுதான். டெலஸ்கோப் இல்லாத காலத்தில் இதைக் கண்டுபிடிக்க, ஒருவர் வாலிபத்தில் பார்த்ததைக் குறித்து வைத்து, தலை நரைக்கும் வயதில் மறுபடி பார்த்து ஒப்பிட வேண்டும். அல்லது தான் பார்த்ததை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். மூன்று விநாடி நின்ற சேதியைப் பத்து பேருக்கு அனுப்புவது சுலபம். இது வேறு வகை ஃபார்வர்டு.

சனிப்பெயர்ச்சி எப்போது என்பதில் 2025 மார்ச்சில் எல்லோர் போனிலும் ஒரே குழப்பம் ஓடியது நினைவிருக்கலாம். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29-ல் சனி மீனத்துக்கு வந்தாயிற்று. திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி 2023 டிசம்பர் 20-ல் கும்பத்துக்கு வந்த சனி, மீனத்துக்குப் போவது 2026 மார்ச் 6-ல்தான். திருக்கணிதம், வானில் கிரகம் இருக்கும் இடத்தைப் பார்த்துத் திருத்தப்பட்ட கணக்கு. வாக்கியம், பழைய சூத்திரங்களின்படி போவது. ஆக, தம்பிக்கு நடப்பது ஜென்மச் சனியா, அது முடிந்து பாதச் சனியா என்பதே எந்தப் பஞ்சாங்கத்தை வாங்கினோம் என்பதைப் பொறுத்தது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

வாக்கியம் என்று ஏன் பெயர்? கணக்கு வாய்பாடுகளை எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்களாக்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வைத்து, மனப்பாடம் செய்துவிடுவார்கள். புத்தகமே வேண்டாம். இதை நேரில் பார்த்து அசந்துபோன வெள்ளைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஜான் வாரன் என்பவர் 1825-ல் வெளியிட்ட 'கால சங்கலித' என்ற ஆங்கில நூலில் எழுதியிருக்கிறார்: புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்தி, வாய்க்குள் வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே அந்த வருஷ ஜூன் மாதம் பிறக்கும் இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரம் நாலே நிமிஷம்தான் தவறியது. பேப்பர் இல்லை, பேனா இல்லை. நாம் தாயம் உருட்டுகிற அதே சோழி. அப்போது புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தன. திருநள்ளாறு இன்றைக்கும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் மாவட்டத்தில்தான் இருக்கிறது. எல்லை தாண்டியதும் பெட்ரோல் விலை குறைவு என்று எல்லா வண்டியும் பங்க்குக்குள் நுழையும். எங்கள் வண்டியும் நுழைந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சனி என்றாலே ஊர் கெடும் என்ற பயம் இன்று நேற்று வந்ததில்லை. சங்க காலத்தில் அதற்கு மைம்மீன், கருநிற மீன் என்று பெயர். புறநானூற்றின் 117-ஆம் பாட்டில் கபிலர், மைம்மீன் புகைந்து கெட்ட குறி காட்டினாலும் பாரியின் பறம்பு நாட்டில் மழை பொய்த்ததில்லை, வயல் விளையாமல் போனதில்லை என்கிறார். அந்த நாட்டில் ஆட்சி ஒழுங்காக நடந்ததை அப்படிச் சொல்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருவர் சனியைப் பார்த்துவிட்டு, உடனே திரும்பி ராஜாவையும் பார்த்திருக்கிறார்.

புல்லும் காக்கையும்

கோயில் தெருவில் எள் தீபம், கறுப்புத் துணி, எள் சாதப் பொட்டலம் விற்பவர்களுக்கு நடுவே ஒரு பாட்டி தர்ப்பைக் கட்டு விற்றுக்கொண்டிருந்தார். இந்த ஊரின் உண்மையான கதாநாயகன் அந்தப் புல்தான். சுவாமி பெயரே தர்ப்பாரண்யேசுவரர், தர்ப்பைக் காட்டின் ஈசன். மற்ற ஊர்களில் வில்வம், வன்னி, கொன்றை என்று மரம் தல விருட்சமாக இருக்கும். இங்கே புல்லுக்கு விருட்சப் பதவி. கொடுத்தது தவறில்லை. ஆழமாக வேர் விட்டு, மணலையும் உவர் மண்ணையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில் காய்ந்தாலும் சாகாமல் மழைக்கு மறுபடி துளிர்க்கும் புல் அது. கடலோர டெல்டாவில் பிழைக்கத் தெரிந்த செடி.

சம்பந்தரின் திருநள்ளாற்றுப் பதிகத்துக்குப் 'பச்சைப் பதிகம்' என்று பெயர். மதுரையில் சமணர்களோடு நடந்த அனல் வாதத்தில், அந்தப் பதிகம் எழுதிய ஏட்டைத் தீயில் இட்டும் வேகாமல் பச்சையாகவே இருந்தது என்று பெரிய புராணம் சொல்லும். காய்ந்தாலும் பச்சை மாறாத புல் முளைக்கும் ஊருக்குப் பொருத்தமான பதிகம்.

காக்கை பற்றி தம்பி மகளுக்கே தெரிந்திருந்தது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006-ல் முகமூடி போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த முகமூடியோடு யார் நடந்து போனாலும் காக்கைகள் கூடிக் கத்தின. வருஷங்கள் கழித்தும், அந்தச் சம்பவத்தின்போது பிறந்தே இராத காக்கைகளும் சேர்ந்து கத்தின. "வாகனம் செலக்ட் பண்ணத் தெரிஞ்சவர்தான்" என்றாள். யாரை என்று கேட்கவில்லை.

நளன் விட்டதும் பிடித்ததும்

நளதீர்த்தத்தில் அன்று கூட்டம் நெரித்தது. எண்ணெய் தேய்த்து, முழுக்குப் போட்டு, கட்டியிருந்த துணியை விட்டுவிட்டுப் புதுத்துணி உடுத்துவது வழக்கம். தம்பி குளித்துவிட்டு வந்து படிக்கட்டில் எங்களோடு உட்கார்ந்தான். அம்மா கதையை ஆரம்பித்தார். அவருக்கு இது தெரிந்த இடம்.

நிடத நாட்டு ராஜா நளன். அன்னம் தூது போய், விதர்ப்ப நாட்டுத் தமயந்தி அவனை விரும்புகிறாள். சுயம்வரத்தில் நாலு தேவர்களும் நளன் உருவிலேயே வந்து உட்காருகிறார்கள். ஐந்து நளன்களில் யார் நிஜ நளன்? கண் இமைப்பவன், வியர்ப்பவன், மாலை வாடுபவன், கால் தரையில் படுபவன் எவனோ அவன்தான் மனிதன் என்று தமயந்தி கண்டுபிடிக்கிறாள். (உலகத்தின் முதல் 'போலியைக் கண்டுபிடி' பரீட்சை இதுவாக இருக்கலாம். நமக்கு வரும் ஃபார்வர்டுகளுக்கும் இப்படி நாலு அடையாளம் இருந்தால் தேவலை.) அதில் ஆத்திரப்பட்டவன் நளனைப் பிடிக்கப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, ஒருநாள் கால் கழுவும்போது சரியாக நனையாத இடம் வழியே உள்ளே புகுந்தான். "அதான் குதிகால் நனையக் கழுவணும்னு தொண்டை கிழியக் கத்தறேன்" என்று அம்மா பேத்தியைப் பார்த்தார்.

அப்படிப் புகுந்தவன் யார்? திருநள்ளாற்றுத் தல புராணத்தில் சனி. ஆனால் மகாபாரதத்தின் வன பர்வத்திலும், அதைத் தமிழில் பாடிய புகழேந்தியின் நளவெண்பாவிலும் வருபவன் சனி இல்லை, கலி. நளவெண்பாவின் மூன்று பகுதிகளின் பெயரே சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம். நளன் இங்கே வழிபட்ட செய்தி சம்பந்தர் தேவாரத்திலேயே இருக்கிறது.

இந்தக் கலி என்ற பெயருக்குப் பின்னால் ஓர் ஆச்சரியம் உண்டு. பழங்கால இந்தியாவில் பகடைக்காய் என்பது ஆறு பக்கக் கட்டை இல்லை, தான்றிக்காய். கடுக்காய், நெல்லிக்காயோடு சேர்த்துத் திரிபலா சூரணத்தில் போடுகிறோமே, அதே தான்றி. குழியில் கொட்டிய காய்களிலிருந்து கை நிறைய அள்ள வேண்டும். எண்ணிப் பார்த்து நாலு நாலாகக் கழித்தால் மீதம் இல்லாமல் போனால் கிருதம். அதுதான் பெரிய ஜெயிப்பு. மூன்று மிஞ்சினால் திரேதா, இரண்டு மிஞ்சினால் துவாபரம், ஒன்று மிஞ்சினால் கலி, தோல்வி. ஆய்வாளர்கள் ஆட்டத்தை இப்படித்தான் விளக்குகிறார்கள். நாலு யுகங்களின் பெயரும் இந்த ஆட்டத்தின் பெயர்களே. ஆக, நளனைப் பிடித்த கலி வேறு யாருமில்லை. தோற்கிற ஆட்டத்தின் பெயர்தான் கலி.

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே ஒரு சூதாடியின் புலம்பல் இருக்கிறது. மனைவி ஒதுக்கிவிட்டாள், மாமியார் வெறுக்கிறாள், கடன் கொடுக்க ஆள் இல்லை, ஆனாலும் தான்றிக்காய் உருளும் சத்தம் கேட்டால் கால் தானாகப் போகிறது என்று ஒருவன் அழுகிறான். தம்பிக்கு இதை நான் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

நளன் தன் தம்பி புட்கரனிடம் நாட்டையே தோற்கிறான். காட்டில் தூங்கும் மனைவியை விட்டுவிட்டு ஓடுகிறான். கார்க்கோடகன் தீண்டி உருவம் மாறி, அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் சமையல்காரனாகவும் தேரோட்டியாகவும் சேருகிறான். ருசியான சாப்பாட்டை 'நளபாகம்' என்கிறோமே, அது இந்த வேலையால் வந்த பெயர். 2003-ல் மௌலி இயக்கத்தில் கமல்ஹாசன் தயாரித்த 'நள தமயந்தி' படத்தில் மாதவன் சமையல்காரராக வருவதும் இந்தக் கணக்கில்தான். பிறகு தமயந்திக்கு மறுபடி சுயம்வரம் என்ற சேதி கேட்டு, ஒரே நாளில் விதர்ப்பம் போய்ச் சேர இருதுபன்னன் புறப்படுகிறான். நளன் தேரை ஓட்டுகிறான். மன்னனின் மேலாடை நழுவி விழுகிறது. எடு என்று சொல்லி வாய் மூடுவதற்குள் தேர் இருபத்துநாலு காதம் போய்விட்டது என்கிறார் புகழேந்தி. விண்வெளி நிலையத்தோடு போட்டி போடக்கூடிய ஒரே தேர். அதுவும் நிற்கவில்லை, கவனியுங்கள்.

அடுத்து நடப்பதுதான் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். வழியில் ஒரு தான்றி மரம். இருதுபன்னன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலை, 2,095 காய் என்கிறான். மகாபாரதக் கணக்கு இது. நளன் நம்பவில்லை. நேரமாகிறது என்று மன்னன் தவித்தும் கேட்காமல், தேரை நிறுத்தி, இறங்கிப் போய் எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது. அசந்துபோய், எனக்கு இதைச் சொல்லிக்கொடு, பதிலுக்குக் குதிரை வித்தை சொல்லித் தருகிறேன் என்கிறான். அந்த வித்தைக்கு 'அட்ச இருதயம்', பகடையின் இதயம் என்று பெயர். அதைக் கற்ற மறுநொடி கலி அவன் உடம்பை விட்டு இறங்கி, அந்தத் தான்றி மரத்துக்குள்ளேயே புகுந்துகொள்கிறான்.

இப்போது முன்னே சொன்ன ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அள்ளுகிற காயைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணத் தெரிந்தவன்தான் அதில் ஜெயிப்பான். மரத்தை எண்ணுவதும் பகடையும் ஒரே வித்தை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற மாதிரி, கொஞ்சத்தைப் பார்த்து மொத்தத்தைக் கணிப்பது. தேர்தல் கருத்துக் கணிப்பு எல்லாம் அந்த வழியில் வந்ததுதான். நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய கனடா அறிஞர் இயன் ஹேக்கிங், 1975-ல் வந்த தன் புத்தகத்தில் இருதுபன்னன் எண்ணிய இந்த மரத்தைப் பற்றிப் பேசுகிறார்.

படிக்கட்டில் அதுவரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி திரும்பினான். "கடைசியில அவரும் திரும்ப ஆடித்தானே ஜெயிச்சார்?"

எனக்குத் திக்கென்றது. இரண்டு மாதமாக அவன் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான் என்று புரிந்தது. கதையும் அவன் பக்கம்தான் இருந்தது. நளன் திரும்பிப் போய், புட்கரனோடு மறுபடி ஆடி, நாட்டை மீட்கிறான். புராணத்தை வைத்து புத்தி சொல்லக் கிளம்பினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

அவன் மகள்தான் சொன்னாள். "நளனுக்குக் காய் எதிர்ல கிடந்துச்சுப்பா. எண்ணிப் பார்க்கலாம். உன் ஆப்ல எப்படி எண்ணுவ?"

அவன் பதில் சொல்லவில்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. அவன் ஆடிய ஆப்பும் நின்றுபோயிருந்தது. ஆனால் ஆப் நிற்பதும் ஆசை நிற்பதும் வேறு வேறு என்று வீட்டில் அப்படி ஒருவர் உள்ளவர்களுக்குத் தெரியும். சனி சந்நிதியில் அம்மா அர்ச்சனைக்குக் கொடுத்தபோது அவனே பெயரும் நட்சத்திரமும் சொன்னான். அதுவரை எல்லாவற்றுக்கும் அம்மாதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பாட்டு

வண்டியில் பாட்டு யார் முறை என்று சண்டை வந்தது. அம்மா, சனிக்கிழமைக்கு முத்துசுவாமி தீட்சிதர் என்றார். திருவாரூர்க்காரரான தீட்சிதரின் நவக்கிரக கிருதிகளில் சனிக்கு உரியது 'திவாகரதனுஜம்', யதுகுல காம்போதி ராகம். அந்த ராகமே அவசரப்படாத ராகம். மெல்ல நடப்பவருக்கு வேறு எதைக் கொடுப்பது?

அது முடிந்ததும் தம்பி மகள், "சாட்டர்ன்னே ஒரு பாட்டு இருக்கு" என்று சிஸா என்ற அமெரிக்கப் பாடகியின் பாட்டைப் போட்டாள். 2024-ல் வந்து, அடுத்த வருஷம் கிராமி விருது வாங்கிய பாட்டு. ஸ்டீவி வொண்டர் 1976-லேயே அதே பெயரில் ஒன்று பாடியிருக்கிறார். அதைவிட, நோ டவுட் என்ற இசைக்குழு 2000-ல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'ரிட்டர்ன் ஆஃப் சாட்டர்ன்', சனியின் திரும்புகை. பாடகி க்வென் ஸ்டெஃபானிக்கு அப்போது முப்பது வயது. பிறந்தபோது இருந்த இடத்துக்குச் சனி திரும்பி வரும் வயது அது என்று மேல்நாட்டு ஜோசியத்திலும் நம்பிக்கை உண்டு. கலிஃபோர்னியாவிலும் நம் முப்பது வருஷப் பழமொழி வேறு உடுப்பில் உலவுகிறது.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் குஸ்தாவ் ஹோல்ஸ்ட். கிரகங்களுக்கு ஏழு இசைப் பகுதிகள் அமைத்தவர். முதல் உலகப்போர் சமயத்தில் எழுதியது. அதில் சனிக்கு அவர் வைத்த பட்டம், முதுமையைக் கொண்டுவருபவர். அந்தப் பகுதி ஒரு வயதானவர் நடப்பதுபோலவே மெல்லத் தொடங்கும். இந்த மனிதர் சமஸ்கிருதம் படித்தவர். ரிக் வேதப் பாடல்களை மொழிபெயர்த்து இசையமைத்தவர். சத்தியவான் சாவித்திரி கதையை 'சாவித்ரி' என்ற இசை நாடகமாக்கியவர். அந்தக் கதையும் நளன் கதை வரும் அதே வன பர்வத்தில்தான் இருக்கிறது.

வீடு வந்து சேர்ந்தபோது இருட்டியிருந்தது. தம்பி மகள் எல்லோரையும் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சனியைக் காட்டுகிறாளாம். கிழக்கே, தென்னை மட்டைக்கு மேலே, இளமஞ்சளாக ஒரு புள்ளி. நட்சத்திரம் போல மினுக்காமல் அமைதியாக இருந்தது. சுற்றுவட்டத்தில் பெரிய நட்சத்திரம் எதுவும் இல்லாததால் தேடவே வேண்டியிருக்கவில்லை. (நீங்களும் பார்க்கலாம். 2026-ல் அக்டோபர் 4-ஐ ஒட்டிய நாட்களில் பொழுது சாயும்போது கிழக்கே உதித்து இரவு முழுக்க இருக்கும்.) அந்தப் புள்ளி நம் பூமியைப்போல ஒன்பது மடங்கு குறுக்களவு கொண்டது, ஆனால் தண்ணீரைவிட அடர்த்தி குறைவு. 2025 மார்ச் கணக்குப்படி 274 நிலவுகள். அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் நம் கண்ணில் விழ ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது.

"வளையம் தெரியலையே" என்றார் அம்மா. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, சின்ன டெலஸ்கோப் வேண்டும். அந்த வருஷம் டெலஸ்கோப்பிலும் மெல்லிய கோடாகத்தான் தெரிந்தது. வளையங்களின் மொத்த விட்டம் சுமார் 2,80,000 கிலோமீட்டர், ஆனால் தடிமன் பல இடங்களில் பத்து மீட்டர் அளவுதான். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வளையத்தின் விளிம்பு நமக்கு நேராகத் திரும்பி, வளையமே காணாமல் போய்விடும். போனில் பெயர்ச்சிச் சண்டை நடந்த அதே 2025 மார்ச்சில், 23-ம் தேதி அதுதான் நடந்தது. 1612-ல் இதைப் பார்த்த கலிலியோவே குழம்பிப் போனார். ரோமானியக் கதையில் சாட்டர்ன் தன் குழந்தைகளைத் தின்ற மாதிரி இதுவும் தின்றுவிட்டதோ என்று கடிதத்தில் கேட்டார். அவர் பார்த்தது வளையம் என்று ஹைகன்ஸ் சொன்னது 1659-ல்.

தம்பி மகள் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "பாட்டி, இதே இடத்துல இது 1995-96-ல இருந்திருக்கு. அதுக்கு முன்னாடி 1966."

"அறுபத்தாறா? அப்போ நான் பாவாடை தாவணி. எங்க அப்பா களத்துமேட்டுல கட்டில் போட்டுப் படுப்பாரு. இதைப் பார்த்துக்கிட்டுத்தான் படுத்திருந்தாரோ என்னவோ" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "தொண்ணூத்தஞ்சுல உங்க அப்பா இருந்தாரு. இந்த மாடி கட்டின வருஷம்" என்றார்.

"அடுத்து எப்போ?" தம்பிதான் கேட்டான்.

"2055 வாக்குல. எனக்கு நாப்பத்து மூணு, உனக்கு எழுபது."

"கண்ணு தெரியணுமே அப்போ" என்றான்.

"ஏன், எனக்குத் தெரியலையா?" என்றார் அம்மா.